1918இல் பிறந்த ஆர்மேனியக் குடியரசின் தூதர்கள் என்னதான் செய்தார்கள்?

முதல் ஆர்மேனியக் குடியரசு 1918 மே மாதம் பிறந்து 1920 டிசம்பரில் மறைந்தது. அதன் தலைவர்களுக்கு ராஜதந்திரம் தெரியாததுதான் இதற்குக் காரணமா, மேற்கு நாடுகளை நம்பி ஏமாந்தார்கள் என்று பலரும் எழுதுவது சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக இந்தக் காலத்தைப் பற்றிப் படித்து வருகிறவன் என்ற முறையில் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன். இரண்டு வரியில் முடித்தால் அந்த மனிதர்களுக்கு அநியாயம் செய்ததாகிவிடும்.

சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கேட்டவற்றில் பெரும்பகுதியை எழுத்தில் வாங்கிவிட்டார்கள். அங்கீகாரம், எல்லை, கடல்வழி, அமெரிக்க ஜனாதிபதியின் முத்திரை, எல்லாமே கிடைத்தன. ஆனால் கையெழுத்துப் போட்டவர்கள் அந்த மலைகளுக்கு ஒரு படைப்பிரிவைக்கூட அனுப்பத் தயாராக இல்லை. படையோடு பக்கத்தில் நின்றவர்கள் துருக்கியரும் ரஷ்யரும். அவர்களோடு பேசி முடிக்க வேண்டியதை ஆர்மேனியர்கள் உரிய நேரத்தில் முடிக்கவில்லை. என் வருத்தம் இந்த இரண்டாவது விஷயத்தில்தான்.

தொடக்கத்துக்கு வருவோம். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு ஜார்ஜியரும் ஆர்மேனியரும் அஜர்பைஜானியரும் சேர்ந்து அமைத்த டிரான்ஸ்காகேசியக் கூட்டாட்சி ஐந்து வாரத்தில் கலைந்தது. மே 26ஆம் தேதி ஜார்ஜியா தனி நாடானது. 28ஆம் தேதி அஜர்பைஜான் பிரிந்தது. உதுமானியப் படை யெரெவானை நோக்கி வந்துகொண்டிருந்த நேரம் அது. சர்தாராபாத், பாஷ் அபரான், கராகிலிசா ஆகிய மூன்று களங்களில் ஆர்மேனியர்கள் நின்று போராடியதால்தான் நாடு என்று சொல்லிக்கொள்ள ஒரு துண்டு நிலம் மிஞ்சியது. ஜார்ஜியாவின் தலைநகர் டிஃப்லிஸில் (இன்றைய திபிலிசி) இருந்த ஆர்மேனிய தேசிய மன்றம் வெளியிட்ட அறிக்கையை வாசித்தால் மனம் கனக்கும். ஆர்மேனிய மாவட்டங்களின் உச்ச அதிகாரமும் ஒரே அதிகாரமும் தானே என்று மன்றம் அதில் அறிவிக்கிறது. விடுதலை என்ற சொல்லும் குடியரசு என்ற சொல்லும் அதில் இல்லை. எந்த எல்லை, எந்த நிலம் என்று சொல்ல முடியாத நிலையில் அந்தச் சொற்களை எழுத அவர்களுக்குக் கை வரவில்லை.

அடுத்த சில நாட்களிலேயே, ஜூன் 4ஆம் தேதி, பத்தூமி நகரில் உதுமானியப் பேரரசோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆர்மேனியத் தரப்பில் கையெழுத்திட்டவர்கள் அலெக்சாண்டர் கதிசியான், ஹோவன்னஸ் கஜஸ்நுனி, மிகாயேல் பாபஜானியான். கதிசியான் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவம் படித்தவர், டிஃப்லிஸ் மாநகரத்தின் மேயராக இருந்தவர். இந்தக் கதையின் முதல் ஒப்பந்தத்தில் இருப்பது அவர் கையெழுத்து. கடைசி ஒப்பந்தத்திலும் அவர் கையெழுத்துதான். பத்தூமியில் ஆர்மேனியாவுக்கு மிஞ்சியது ஏறத்தாழ 11,000 சதுர கிலோமீட்டர். யெரெவானையும் அதைச் சுற்றிய மேட்டு நிலத்தையும் தவிர வேறில்லை. அதற்குள் லட்சக்கணக்கான அகதிகள். மூன்றாண்டுகளுக்கு முன் தன் குடிகளான ஆர்மேனியர்களை அழித்த அரசுதான், ஆர்மேனியா ஒரு நாடு என்று ஏற்று ஒப்பந்தம் போட்ட முதல் அரசு.

அந்த நாட்டின் முதல் பெரிய தூதுக்குழு போனதும் அந்த அரசின் தலைநகருக்குத்தான். 1918 ஜூனில் அவேதிஸ் அஹரோனியான், கதிசியான், ராணுவத் தரப்பில் தளபதி கோர்கானியான் ஆகியோர் கான்ஸ்டான்டினோபிள் போய்ச் சேர்ந்தார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, பல்கேரியா, உதுமானியப் பேரரசு ஆகியவை அங்கே கூடி பத்தூமி ஒப்பந்தங்களை மறுபரிசீலனை செய்யும் என்று சொல்லப்பட்டிருந்தது. அங்கே பேசினால் எல்லை கொஞ்சம் விரியும், அகதிகள் ஊர் திரும்பலாம் என்பது நம்பிக்கை.

அஹரோனியான் அரசியல்வாதியாவதற்கு முன்பே எழுத்தாளர். அவர் நாவல்களையும் சிறுகதைகளையும் ஆர்மேனிய வீடுகளில் வாசித்தார்கள். ஜார் அரசு அவரைச் சிறையில் வைத்திருந்தது. 1915 ஏப்ரல் 24ஆம் தேதி இரவு தொடங்கிய கைதுகளில் தானியேல் வருஜான், சியமான்தோ, ரூபன் செவாக் போன்ற கவிஞர்களைப் பிடித்துக்கொண்டு போனது இதே நகரத்திலிருந்துதான். அவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. கைது ஆணை பிறப்பித்த உள்துறை அமைச்சர் தலாத் பாஷா, 1918இல் பிரதம அமைச்சர். அந்தத் தலாத்தின் எதிரே உட்கார்ந்து, மரியாதைச் சொற்களோடு, மிச்சமிருக்கும் மக்களுக்காக அஹரோனியான் பேச வேண்டியிருந்தது. போர் அமைச்சர் என்வர் பாஷாவையும் குழு சந்தித்தது. செப்டம்பரில் புதிய சுல்தான் ஆறாம் மெஹ்மெதின் முன்பும் போய் நின்றார்கள். அந்தச் சந்திப்புகளைப் பற்றி வாசிக்கும் ஒவ்வொரு முறையும் நான் சிறிது நேரம் நிறுத்திவிடுவேன். ராஜதந்திரம் தெரியாதவர்கள் என்று சொல்பவர்கள் அந்த அறையில் தங்களை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

மாநாடு நடக்கவே இல்லை. பாகு யாருக்கு என்பதில் ஜெர்மனியும் உதுமானியரும் இழுபறியில் இருந்தார்கள். செப்டம்பர் நடுவில் உதுமானியப் படை பாகுவுக்குள் நுழைந்தபோது அங்கிருந்த ஆர்மேனியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்தி வந்தபோதும் தூதுக்குழு கான்ஸ்டான்டினோபிளில்தான் இருந்தது. பெர்லினுக்குப் போன ஹமோ ஓஹன்ஜானியானும் அர்ஷாக் சொராபியானும் வெறுங்கையோடு நின்றார்கள். ஆகஸ்ட் 27ஆம் தேதி ஜெர்மனி சோவியத் ரஷ்யாவோடு செய்துகொண்ட துணை ஒப்பந்தத்தில் ஜார்ஜியாவின் விடுதலைக்கு இடமிருந்தது. ஆர்மேனியாவுக்கு ஒரு வரிகூட இல்லை. அக்டோபர் 30இல் உதுமானியப் பேரரசு மூத்ரோஸ் துறைமுகத்தில் போர்நிறுத்தத்துக்குக் கையெழுத்திட்டதும் காட்சி மாறியது. ஐந்து மாதம் யாரிடம் காத்துக் கிடந்தார்களோ அந்த அமைச்சர்கள் நாட்டை விட்டே ஓடினார்கள்.

இனி, முதல் உலகப் போரில் வென்ற நேச நாடுகள் அமைதி மாநாடு கூட்டிய பாரிஸ். ஆனால் அதற்கு முன் மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த அரசின் வெளியுறவில் மக்கள் வயிற்றைத் தொட்டது அதுதான். 1918–19 குளிர்காலத்தில் பசியாலும் டைஃபஸ் காய்ச்சலாலும் இறந்தவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. அதாவது, மக்களில் ஐந்தில் ஒருவர். அந்தக் குளிர்காலத்தில்தான், டிசம்பர் மாதம், லோரி பகுதிக்காக ஆர்மேனியாவும் ஜார்ஜியாவும் மூன்று வாரம் சண்டை போட்டன. வெளியிலிருந்து யெரெவானுக்குத் தானியம் வர ஒரே ரயில்பாதை ஜார்ஜியா வழியாக வருவதுதான். சண்டை தொடங்கியதும் அது அடைபட்டது. டிஃப்லிஸில் வாழ்ந்த ஆர்மேனிய ஆண்கள் பலரைக் காவலில் வைத்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரிகள் தலையிட்டு டிசம்பர் 31ஆம் தேதி சண்டையை நிறுத்தினார்கள். பாரிஸ் மாநாடு தொடங்க மூன்று வாரம்கூட இல்லாத நேரம். இரண்டு கிறிஸ்தவ அண்டை நாடுகள் பிறந்த ஏழாவது மாதத்தில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டதைப் பார்த்து, இவர்களுக்கு எதற்குத் தனி நாடு என்று கேட்க விரும்பியவர்களுக்கு நல்ல வாய்ப்பாகிவிட்டது. இந்தப் போரை நான் இரண்டு பக்கத்துக்கும் மன்னிக்க மாட்டேன்.

மாவு அமெரிக்காவிலிருந்து வந்தது. ஹெர்பர்ட் ஹூவரின் நிவாரண அமைப்பும், அமெரிக்க மிஷனரிகளின் கிழக்கு நாடுகள் நிவாரணக் குழுவும் 1919 வசந்தம் முதல் பத்தூமி துறைமுகத்தில் கோதுமை மாவு இறக்கின. அங்கிருந்து ரயிலில் யெரெவானுக்கு. அந்த ஆண்டு ஜூலையில் கர்னல் வில்லியம் ஹாஸ்கெல் ஆர்மேனியாவுக்கான நேச நாடுகளின் உயர் ஆணையராக நியமிக்கப்பட்டார். நாட்டில் அனாதை இல்லங்கள், சூப்புக் கூடங்கள், மருத்துவமனைகள் ஓடியது இந்த உதவியால்தான். தூதர்கள் பாரிஸிலும் வாஷிங்டனிலும் எழுதிய மனுக்களில் உடனடியாகப் பலன் தந்தவை உணவு கேட்டு எழுதியவைதான் என்று நினைக்கிறேன்.

பாரிஸில் நடந்தது வேறு. அமைதி மாநாடு 1919 ஜனவரி 18இல் தொடங்கியது. அஹரோனியான், ஓஹன்ஜானியான், பாபஜானியான் மூவரும் பயண அனுமதிக்காகக் காத்திருந்து, பிப்ரவரி 4ஆம் தேதிதான் பாரிஸை எட்டினார்கள். மாநாட்டில் ஆர்மேனியாவுக்கு இருக்கை இல்லை என்று அங்கே தெரிந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், ஆர்மேனியர் பெயரில் இன்னொரு குழு ஏற்கெனவே பாரிஸில் இருந்தது.

போகோஸ் நுபார் பாஷா அதன் தலைவர். எகிப்தின் முதல் பிரதமராக இருந்த நுபார் பாஷாவின் மகன். பிரெஞ்சு மொழியில் ஊறியவர், பெரும் செல்வர், 1906இல் கெய்ரோவில் தொடங்கிய ஆர்மேனியப் பொது நலச் சங்கத்தின் நிறுவனர். ஆர்மேனியத் திருச்சபையின் தலைவர் கத்தோலிக்கோஸ் ஐந்தாம் கெவோர்க் 1912இலேயே அவரை ஐரோப்பாவில் தம் பிரதிநிதியாக நியமித்திருந்தார். உதுமானிய நாட்டு ஆர்மேனியர்களும், உலகெங்கும் சிதறிப்போனவர்களும் அவரைத் தங்கள் குரலாகப் பார்த்தார்கள். ஐரோப்பிய அமைச்சர்களுக்கு அவர் முகம் தெரியும். யெரெவானிலிருந்து வந்த புரட்சிக் கட்சிக்காரர்கள் யார் என்றே அவர்களுக்குத் தெரியாது. போதாததற்கு, முந்தின ஆண்டு எதிரியின் தலைநகரில் இருந்துவிட்டு வந்தவர் அஹரோனியான்.

யெரெவான் அரசு அஹரோனியானுக்குக் கொடுத்தனுப்பிய கோரிக்கை ஓரளவு அடக்கமானது: குடியரசின் நிலம், அதோடு கிழக்கு அனத்தோலியாவின் ஆர்மேனிய மாகாணங்கள், கருங்கடலுக்கு ஒரு வழி. போகோஸ் நுபாருக்கு அது போதவில்லை. மத்தியதரைக் கடலோரத்தில் இருந்த சிலீசியாவும் வேண்டும் என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதானாவிலும் மராஷிலும் பிழைத்தவர்கள் அவரை நம்பியிருந்தார்கள். பிரெஞ்சுப் படையோடு சேர்ந்து 1918 செப்டம்பரில் பாலஸ்தீனத்தின் அராரா மேட்டில் போரிட்டு இறந்த ஆர்மேனியத் தொண்டர்கள், சிலீசியாவுக்காகத்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். இரண்டு குழுக்கள் எதிரெதிராகப் பேசுவதைவிட ஒன்றாகப் பேசுவது மேல் என்று அஹரோனியான் இசைந்தார். பிப்ரவரி 12ஆம் தேதி ஒரே மனுவாகக் கொடுத்தார்கள். வான், பித்லிஸ், தியார்பெகிர், கார்பெர்ட், சிவாஸ், எர்சுரூம், திரெபிசோந்த் ஆகிய ஏழு மாகாணங்கள், சிலீசியா, காகேசியக் குடியரசு எல்லாம் சேர்ந்த, கடலிலிருந்து கடல் வரை நீண்ட ஆர்மேனியா.

பிப்ரவரி 26ஆம் தேதி, மாநாட்டை நடத்திய வல்லரசுகளின் பத்து பேர் குழு அவர்களை அழைத்துக் கேட்டது. அஹரோனியான் பேசினார், போகோஸ் நுபார் பேசினார். ஆர்மேனியருக்காக அதிகம் இரங்கியவராகக் கருதப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் அன்று அங்கே இல்லை. மாதத்தின் நடுவிலேயே அமெரிக்காவுக்குப் போய்விட்டார்.

அந்த வரைபடத்தைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: அது தவறு. சிலீசியாவின் மேல் பிரான்ஸ் ஏற்கெனவே கண் வைத்திருந்தது; 1916இல் பிரிட்டனோடு ரகசியமாகப் பங்கு பிரித்தபோதே அது பிரான்ஸின் பாகத்துக்குப் போயிருந்தது. ஆக, மாநாட்டு மேசையிலேயே உட்கார்ந்திருந்த ஒரு வல்லரசின் பங்கைக் கேட்டுக்கொண்டு போனார்கள். கேட்ட நிலத்தில் வாழ்ந்த ஆர்மேனியர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டோ விரட்டப்பட்டோ இருந்தார்கள். கொன்றவனுக்கு அந்த நிலத்தைப் பரிசாகக் கொடுக்கக் கூடாது என்பது தர்மம்தான். ஆனால் அந்தத் தர்மத்தை நிலைநாட்ட எர்சுரூமில் யார் காவல் நிற்பது என்ற கேள்விக்கு அந்த மனுவில் இருந்த பதில் ஒன்றுதான்: ஏதாவது ஒரு வல்லரசு.

அந்த வல்லரசு அமெரிக்காவாக இருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். 1919 செப்டம்பரில் மேஜர் ஜெனரல் ஜேம்ஸ் ஹார்போர்ட் தலைமையில் ஓர் அமெரிக்க ராணுவக் குழு கான்ஸ்டான்டினோபிளில் இறங்கி, தியார்பெகிர், கார்பெர்ட், சிவாஸ், எர்சுரூம், கார்ஸ் வழியாக யெரெவான் வரை போனது. சிவாஸில் துருக்கிய தேசியவாதிகளின் தலைவர் முஸ்தபா கெமாலையும் சந்தித்தது. அழிந்த ஊர்களைக் கண்ணால் பார்த்து எழுதிய அறிக்கை அது. அந்தப் பகுதியைப் பாதுகாத்து நிர்வகிக்கும் பொறுப்பை அமெரிக்கா ஏற்றால் 59,000 படைவீரர்கள் வேண்டும், ஐந்து ஆண்டுகளுக்கு 75 கோடி டாலருக்கு மேல் செலவாகும் என்று கணக்குக் கொடுத்தது. பொறுப்பேற்கவும் மறுக்கவும் உரிய காரணங்களை எதிரெதிராக அடுக்கியதே தவிர, முடிவை ஹார்போர்ட் எழுதவில்லை. 1920 மே 24ஆம் தேதி ஆர்மேனியாவின் பொறுப்பை ஏற்க வில்சன் அமெரிக்க நாடாளுமன்றத்திடம் அனுமதி கேட்டார். ஜூன் 1ஆம் தேதி செனட் 52க்கு 23 என்ற கணக்கில் நிராகரித்தது.

இதற்கிடையில் அங்கீகாரம் வரத் தொடங்கியிருந்தது. 1920 ஜனவரி 19இல் நேச நாடுகளின் உச்ச மன்றம் ஆர்மேனிய அரசை நடைமுறையில் ஆளும் அரசாக ஏற்றது. ஜார்ஜியாவையும் அஜர்பைஜானையும் ஏற்று ஒன்பது நாள் கழித்துத்தான் ஆர்மேனியாவின் முறை வந்தது. எல்லை எது என்பதை இந்த ஏற்பு முடிவு செய்யாது என்றும் சேர்த்துச் சொன்னார்கள். ஏப்ரல் 23இல் அமெரிக்கா அங்கீகரித்தது. அந்தச் செய்தியை வாஷிங்டனில் பெற்றுக்கொண்ட ஆர்மேனியப் பிரதிநிதி ஆர்மென் காரோ. 1896இல், இருபதுகளின் தொடக்கத்தில், கான்ஸ்டான்டினோபிளின் உதுமானிய வங்கியை ஆயுதத்தோடு கைப்பற்றியவர்களில் ஒருவர். 1908இல் எர்சுரூமிலிருந்து உதுமானிய நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இப்போது கோட்டும் டையும் அணிந்து செனட்டர்களின் அலுவலகங்களில் காத்திருந்தார். ரோமில் மிகாயேல் வராந்தியான், தெஹ்ரானில் இளவரசர் ஹோவ்செப் அர்குத்தியான் என்று வேறு ஊர்களிலும் பிரதிநிதிகள் இருந்தார்கள். கஜஸ்நுனி பிரதமர் பதவியை விட்ட பிறகு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் உதவி கேட்டுப் பயணம் செய்தார். அடிப்படையில் அவர் கட்டடக் கலைஞர். இந்தக் குடியரசின் வெளியுறவை நடத்தியவர்களில் தொழில்முறைத் தூதர் ஒருவரும் இல்லை. எழுத்தாளர், மருத்துவர், கட்டடக் கலைஞர், பழைய கிளர்ச்சிக்காரர். அப்படியிருந்தும் அவர்கள் எழுதிய மனுக்கள் எந்த ஐரோப்பிய அமைச்சகத்தின் ஆவணத்துக்கும் குறைந்தவை இல்லை.

1920 ஆகஸ்ட் 10ஆம் தேதியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும்.

அன்று பாரிஸுக்கு வெளியே சேவ்ர் என்ற ஊரில், பீங்கான் தொழிற்சாலையின் காட்சிக்கூடத்தில், உதுமானியப் பேரரசோடு அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. துருக்கியத் தரப்பில் கையெழுத்திட்டவர்களில் ரிசா தெவ்ஃபிக் ஒரு கவிஞர். ஆர்மேனியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் அஹரோனியான். இந்த முறை அவர் மனு கொடுக்க வந்தவர் இல்லை. பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலியோடு சேர்ந்து ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு. 88ஆம் பிரிவு ஆர்மேனியாவைச் சுதந்திர நாடு என்று துருக்கி ஏற்பதாகச் சொன்னது. 89ஆம் பிரிவு எர்சுரூம், திரெபிசோந்த், வான், பித்லிஸ் ஆகிய நான்கு மாகாணங்களில் எல்லைக்கோடு போடும் பொறுப்பை அமெரிக்க ஜனாதிபதியிடம் விட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தலாத்தின் முன்னால் உட்கார்ந்த மனிதருக்கு அந்தக் கையெழுத்து எப்படி இருந்திருக்கும்!

அதே நாள் டிஃப்லிஸில் இன்னொரு மேசையில் இன்னொரு கையெழுத்து. ஆர்மேனியப் பிரதிநிதிகள் அர்ஷாக் ஜமாலியானும் அர்தாஷெஸ் பபாலியானும் சோவியத் ரஷ்யாவின் தூதர் போரிஸ் லெக்ரானோடு ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். சண்டையை நிறுத்துவது, அஜர்பைஜானோடு வழக்கில் இருந்த கராபாக், சங்கெசூர், நகிச்செவான் பகுதிகளில் செஞ்சேனை தற்காலிகமாக நிற்பது என்பவை அதன் சாரம். மேற்கே வரைபடம் விரிந்துகொண்டிருந்த அதே பகலில், கிழக்கே கையிலிருந்த நிலத்தில் அயல் படை நிற்க ஒப்புக்கொண்டார்கள்.

இந்த நிலை எப்படி வந்தது? 1920 ஏப்ரல் 28இல் செஞ்சேனை பாகுவுக்குள் நுழைந்து அஜர்பைஜான் சோவியத் நாடானது. அந்த நாட்களில்தான் யெரெவான் அரசு நாடக ஆசிரியர் லெவோன் ஷாந்த் தலைமையில் மூவர் குழுவை மாஸ்கோவுக்கு அனுப்பியது. அங்கே வெளியுறவு ஆணையர் சிச்செரினும் அவருடைய துணைவர் கராகானும் பேசினார்கள். கராகான் தாமே ஓர் ஆர்மேனியர். ஆர்மேனியாவின் விடுதலையை ஏற்கவும், துருக்கியோடு நடுவராக இருக்கவும் மாஸ்கோ தயாராக இருந்தது. ஆனால் பேச்சு மாதக்கணக்கில் இழுத்தது. சோவியத் ரஷ்யா நடுவராக இருக்க வேண்டுமா, சேவ்ர் வேண்டுமா என்ற கேள்விக்கு யெரெவானிலிருந்து தெளிவான பதில் போகவில்லை. மே மாதம் அலெக்சாண்ட்ரோபோலில் (இன்றைய கியும்ரி) ஆர்மேனியப் போல்ஷ்விக்குகள் கிளர்ச்சி செய்து அடக்கப்பட்டதும் கசப்பைக் கூட்டியது. ஜூலையில் அங்காராவிலிருந்து முஸ்தபா கெமாலின் தூதுக்குழு பெக்கிர் சாமி தலைமையில் மாஸ்கோ வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு ஆர்மேனியருடைய குரல் அங்கே இரண்டாமிடத்துக்குப் போய்விட்டது.

என் ஆதங்கம் முழுவதும் இந்த மே, ஜூன் வாரங்களில் இருக்கிறது. அமெரிக்க செனட் ஜூன் 1ஆம் தேதியே கைவிட்டுவிட்டது. பிரிட்டன் ஜூலையில் பத்தூமியிலிருந்து படையை விலக்கிக்கொண்டது. பிரான்ஸ் சிலீசியாவில் துருக்கிய தேசியவாதிகளிடம் அடிவாங்கிப் பின்வாங்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்தது. மேற்கிலிருந்து ஒரு படைவீரரும் வரமாட்டார் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். மாஸ்கோவோடு எந்த விலைக்காவது அப்போது ஒப்பந்தம் முடித்திருந்தால் கார்ஸ் மிஞ்சியிருக்குமோ என்று நான் நினைப்பதுண்டு. சேவ்ரில் கையெழுத்திடப் பேனாவை எடுத்தவர்களை, அதைக் கீழே வைத்துவிட்டு மாஸ்கோவை நம்பு என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதும் எனக்குப் புரிகிறது. அந்த ஒப்பந்தம், இனத்தில் பாதியை இழந்த ஒரு மக்களுக்குக் கிடைத்த ஒரே நீதி.

செப்டம்பரின் பிற்பகுதியில் துருக்கியத் தளபதி காசிம் கராபெகிரின் படை எல்லை தாண்டியது. அக்டோபர் 30இல் கார்ஸ் கோட்டை பெரிய எதிர்ப்பில்லாமல் விழுந்தது. நவம்பர் 7இல் அலெக்சாண்ட்ரோபோல் போனது. வில்சன் எல்லைக்கோட்டைப் போட்டுக் கையெழுத்திட்ட நாள் நவம்பர் 22. ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான நிலத்தை, திரெபிசோந்த் துறைமுகத்தோடு சேர்த்து, ஆர்மேனியாவுக்கு அது கொடுத்தது. கோடு மிகுந்த கவனத்தோடு, மலை மலையாக, ஊர் ஊராக வரையப்பட்டிருந்தது. அதைப் பெற்றுக்கொள்ள வேண்டிய அரசுக்கு இன்னும் பத்து நாள்தான் ஆயுள்.

கதிசியானை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அலெக்சாண்ட்ரோபோலில் கராபெகிரின் எதிரே உட்கார்ந்தவர் அவர்தான். டிசம்பர் 2ஆம் தேதி யெரெவானில் கடைசிப் பிரதமர் சிமோன் வ்ரத்சியானின் அரசு லெக்ரானோடு ஒப்பந்தம் செய்து ஆட்சியை சோவியத் தரப்பிடம் ஒப்படைத்தது. அன்று நள்ளிரவு தாண்டி கதிசியான் துருக்கியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அப்போது அவரை அனுப்பிய அரசே இல்லை. அந்த ஒப்பந்தத்தில், சேவ்ரைச் செல்லாது என்று யெரெவான் அறிவிக்க வேண்டும் என்பதோடு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் தன் தூதுக்குழுக்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. தூதர்களைத் திரும்ப அழைக்கச் சொல்லி வென்ற தளபதி தனியாக எழுதி வாங்கினார் என்றால், அவர்கள் வேலை ஒன்றுமில்லை என்று அவர் நினைக்கவில்லை என்றுதானே பொருள்? உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அதே டிசம்பரில் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) முதல் பேரவை ஆர்மேனியாவைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. தென்னாப்பிரிக்காவின் சார்பில் வந்திருந்த ராபர்ட் செசில் பிரபு போன்றவர்கள் ஆதரித்துப் பேசினார்கள். ஆனால் உறுப்பு நாடானால் அதன் எல்லையைக் காக்கும் கடமை எல்லாருக்கும் வந்துவிடும் என்பதே பெரும்பாலானவர்களுடைய தயக்கம். அல்பேனியாவுக்கும் பின்லாந்துக்கும் அந்த மாதமே இடம் கிடைத்தது. 1923 ஜூலையில் லோசான் ஒப்பந்தம் சேவ்ருக்குப் பதிலாக வந்தபோது, ஆர்மேனியா என்ற சொல்லே அதில் இல்லை.

பெரிய தலைநகரங்களை மட்டுமே சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். இந்த வரலாற்றில் என் மனதுக்கு நெருக்கமானவர் யோகோஹாமாவில் இருந்தார். டயானா அப்கார் 1859இல் ரங்கூனில் பிறந்தவர், கல்கத்தாவில் வளர்ந்தவர். பாரசீகத்தின் ஜூல்ஃபாவிலிருந்து வணிகத்துக்காக இந்தியக் கடலோரங்களுக்கு வந்து தங்கிய ஆர்மேனியக் குடும்பங்களின் வழியில் வந்தவர். அந்த வழி சென்னைக்கும் உண்டு. ஜார்ஜ் டவுனில் ஆர்மேனியன் தெரு இருக்கிறது. மக்கள் வாயில் அது அரண்மனைக்காரத் தெருவானது. அங்கிருக்கும் 1772ஆம் ஆண்டுத் தேவாலயத்தின் முற்றத்தில் ஆர்மேனிய எழுத்து பொறித்த கல்லறைக் கற்கள் மேல்தான் நடக்க வேண்டும். அந்த மதராஸில்தான் ஷாஹமீர் ஷாஹமீரியான் என்ற வணிகர், 18ஆம் நூற்றாண்டிலேயே, இல்லாத ஓர் ஆர்மேனியக் குடியரசுக்காக அரசமைப்புச் சட்டம் எழுதி அச்சிட்டார். ஒரு முறை அந்த முற்றத்தில் நின்றபோது, நாடு கிடைப்பதற்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அதன் சட்டத்தை இந்த ஊரில் ஒருவர் எழுதிவிட்டாரே என்று மெய்சிலிர்த்தது.

டயானா திருமணத்துக்குப் பிறகு ஜப்பானுக்குப் போனார். 1906இல் கணவர் இறந்தபின் குடும்ப வணிகத்தைத் தாமே நடத்தினார். ஆர்மேனியர் படும் துன்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் எழுதினார். அரசியல் தலைவர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் ஓயாமல் கடிதம் எழுதினார். உள்நாட்டுப் போரில் ரஷ்யா சிதைந்தபோது, ஆர்மேனிய அகதிகள் சைபீரியாவைக் கடந்து விளாதிவஸ்தோக் வந்து, அங்கிருந்து கப்பலில் யோகோஹாமாவுக்கு வந்தார்கள். கையில் செல்லத்தக்க கடவுச்சீட்டு இல்லாதவர்கள், மொழி தெரியாதவர்கள். டயானா அவர்களுக்காக ஜப்பானிய அதிகாரிகளிடம் பேசினார், தங்க இடம் பிடித்தார், பள்ளி வயதுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார், அமெரிக்கா போகும் கப்பலில் இடம் வாங்கிக் கொடுத்தார். 1920இல் யெரெவான் அரசு அவரை ஜப்பானுக்கான கௌரவத் தூதராக நியமித்தது. பெண்கள் தூதராவது உலகில் எங்குமே அரிதாக இருந்த காலம் அது.

சில மாதங்களில் அவரை நியமித்த அரசு போய்விட்டது. பதவியும் அதோடு போனது. அகதிகள் வருவது நிற்கவில்லை. 1937இல் யோகோஹாமாவில் இறந்து, அங்கேயுள்ள வெளிநாட்டவர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கப்பலேற்றிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்று அமெரிக்காவில் வாழ்கிறார்கள்.